தாயில்பட்டியில் வசந்தாவுக்கு ஒரு நாள்

பெர்கனில் மழை பெய்தால் ஒருவரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. பெய்யாவிட்டால்தான் பேசுவார்கள். நோர்வேயின் மேற்குக் கரையில் இருக்கும் அந்த ஊரில் நான் பல வருடங்களாகப் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். 2009ஆம் ஆண்டு ஆவணியில் அங்கிருந்து புறப்பட்டு விருதுநகர் ரயில் நிலையத்தில் வந்து இறங்கியபோது என் கையில் ஒரு குடை இருந்தது. எல்லாம் பழக்கதோஷம். என்னை அழைத்துப்போக வந்திருந்த கார் சாரதி முருகேசன் அந்தக் குடையை வாங்கி ஒரு முறை திருப்பிப் பார்த்தார்.

"இதை எதுக்குக்கா தூக்கிட்டு வந்தீக? எங்க ஊர்ல மழை பேஞ்சா நாங்க நனையத்தான் செய்வோம்."

அடுத்த கேள்வி, "சாப்பிட்டீகளா?" நான் பதில் சொல்வதற்குள் கார் ஒரு பரோட்டாக் கடை முன்னால் நின்றுவிட்டது. விருதுநகரில் பரோட்டாவைக் கல்லில் சுடுவதோடு விடுவதில்லை, எண்ணெயில் குளிக்க வைத்துப் பொரித்து எடுக்கிறார்கள். அது மொறுமொறுவென்று வருகிறது. அதை இலையில் நொறுக்கிப் போட்டு, மேலே சால்னாவை ஊற்றி, ஊறுவதற்குக் கொஞ்சம் பொறுத்திருக்கவும் சொல்கிறார்கள். நான் பொறுக்கவில்லை. எண்ணெயைத் தொடக்கூடாது என்று எனக்குச் சொல்லியிருக்கும் பெர்கன் மருத்துவரை நினைத்துக்கொண்டே இரண்டாவதையும் கேட்டேன். பரிமாறியவர், "வெளியூரா?" என்றார். என் பேச்சு காட்டிக்கொடுத்துவிட்டது. "இலங்கை" என்றேன். அவர் கேட்காமலே இன்னொரு கரண்டி சால்னா ஊற்றினார்.

நான் இரண்டு வேலையாக வந்திருந்தேன். கடை வாடிக்கையாளர்களுக்கு வருடா வருடம் கொடுக்கும் தினசரி நாட்காட்டிக்குச் சிவகாசியில் ஆர்டர் கொடுப்பது ஒன்று. வழக்கமாக அதைத் தொலைபேசியிலேயே முடித்துவிடுவேன். இந்த முறை நேரில் வந்தது மற்ற வேலைக்காகத்தான். என் தங்கை வசந்தா, அவள் கணவன், மகள் மூவரும் வன்னியில் நடந்த கடைசிப் போரில் செத்துப்போனார்கள். ஒரே பதுங்குகுழியில் என்று, தப்பி வந்த அயல்வீட்டுக்காரர் தொலைபேசியில் சொன்னார். என்றைக்கு என்று கேட்டேன். மாசியா பங்குனியா என்பதே அவருக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. அங்கே யார் நாள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்!

பெர்கனில் நாங்கள் நகரச் சதுக்கத்தில் மெழுகுவர்த்தி ஏந்தி நின்றோம். நோர்வேக்காரர்களும் வந்து நின்றார்கள். நல்ல மனிதர்கள். ஒரு பெண் என் தோளைத் தொட்டு, தான் வருந்துவதாகச் சொன்னார். எல்லாம் ஒழுங்காக, சத்தமில்லாமல் நடந்தது. மழைக்கு மெழுகுவர்த்திகள் அணைந்ததும் எல்லோரும் அவரவர் வீட்டுக்குப் போனோம். என் தங்கைக்காக ஒருவர்கூட வாய்விட்டு அழவில்லை. நானும் அழவில்லை. அது எனக்குப் பெரிய குறையாக இருந்தது. வன்னிக்கு என்னால் போக முடியாது. ஆனால் தமிழ் பேசுகிற ஊர் ஒன்றில், நாலு பெண்கள் நடுவில் அவளுக்காக விளக்கேற்றி, அழுதுவிட்டுத்தான் திரும்புவது என்று முடிவு செய்தேன். நான் முடிவு செய்தால் செய்ததுதான். கடையில் வேலை செய்யும் பெடியன்களைக் கேட்டால் சொல்வார்கள்.

அதனால் பெட்டியில் துணிமணிக்குக் குறைவும் மெழுகுவர்த்திக்கு மிகுதியுமாக வந்து சேர்ந்தேன்.

மறுநாள் காலை சிவகாசி. ஊருக்குள் நுழைந்ததும் மூக்கில் ஏறுவது அச்சு மை வாசனை. வீதியின் ஒரு பக்கம் பட்டாசு, மறு பக்கம் காகிதம். லாரியிலிருந்து இறக்கிய காகிதக் கட்டுகளின் மேல் உட்கார்ந்து இட்லி சாப்பிடுகிறார்கள். எங்கள் ஊரில் காகிதத்தை இப்படி வெளியில் போட்டால் மாலைக்குள் கூழாகிவிடும். மழை பெய்யாததுதான் இந்த ஊரின் மூலதனம் என்று அச்சக முதலாளி பெருமையாகச் சொன்னார். நெற்றியில் திருநீறும் சட்டைப் பையில் மூன்று பேனாவுமாக இருக்கும் பெரிய மனிதர். தொலைபேசியில் பல வருடப் பழக்கம், முகம் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

"வாங்கம்மா, வாங்க. கலர் குடிக்கிறீகளா?" என்றவர், பதிலுக்குக் காத்திராமல் சிவப்பு நிறச் சோடா ஒன்றை என் முன்னால் வைத்தார். பிறகு சாமிப் படங்கள் உள்ள பெரிய ஆல்பத்தை விரித்தார். முருகனிலேயே அத்தனை வகை. நான் வழக்கம்போல நல்லூர்க் கந்தன் சாயலில் இருந்த ஒரு முருகனைத் தேர்ந்தெடுத்தேன். கடைப் பெயரின் எழுத்துப் பெரிதாக இருக்க வேண்டும் என்று சண்டை பிடித்தேன். அவர் முருகனைச் சின்னதாக்க முடியாது என்றார். முருகன் பக்கமே தீர்ப்பானது.

"நேர்ல வந்திருக்கீக, ஒண்ணு சொல்றேன்" என்றார் முதலாளி. "கடை தொடங்குன நாளு, வீட்ல பெரியவுக திதி, இப்படி ஏதாச்சும் இருந்தா தேதியைச் சொல்லுங்க. அந்த ஒரு தாளை மட்டும் தனியா அடிச்சு நடுவுல சொருகித் தர்றோம். எங்க ஊர்க் கம்பெனிக்காரக எல்லாரும் கேட்டு வாங்குறதுதான்."

வருடம் முழுவதற்கும் நாளும் நட்சத்திரமும் அச்சடிக்கிற இடத்தில் உட்கார்ந்திருக்கிறேன், என் தங்கைக்கு ஒரு தேதி சொல்ல முடியவில்லை. நடந்ததைச் சொன்னேன். அவர் பேனாவை மூடிவைத்தார். "தேதி தெரியாதவுகளுக்கு மாளய அமாவாசை இருக்கும்மா" என்றார் மெதுவாக. நல்ல மனதோடுதான் சொன்னார். எனக்குத்தான் கோபம் வந்தது. "அது எல்லாருக்கும் உள்ள நாள் ஐயா. அவளுக்கெண்டு ஒரு நாள் வேணும்" என்றேன்.

விளக்கேற்றும் கூட்டம் பற்றிக் கேட்டபோது அவர் கையை விரித்தார். மண்டபம் பிடிக்க வேண்டும், அனுமதி வாங்க வேண்டும். "அதோட இது சீசன்மா. தீபாவளி முடியுற மட்டும் இந்த ஊர்ல ஒருத்தனுக்கும் மூச்சு விட நேரம் கிடையாது."

வெளியே வந்து காரில் ஏறியதும் முருகேசன் திரும்பிப் பார்த்தார். அச்சகக் கதவருகே நின்று முழுவதையும் கேட்டிருக்கிறார். "எங்க ஊர்ல வைங்கக்கா. தாயில்பட்டி. காளியம்மன் கோயில் பொட்டல் சும்மாதான் கெடக்கு. மண்டபமும் வேண்டாம், மைக்கும் வேண்டாம். என் வீட்டுக்காரி செல்வி பட்டாசு வேலைக்குத்தான் போறா. அவகிட்ட ஒரு வார்த்தை சொன்னாப் போதும், வேன்ல வர்ற பொம்பளைக அம்புட்டுப் பேரும் வந்துருவாக."

"இப்பவே போய்க் கேப்பம்" என்றேன்.

போனோம், பாதி வழி வரைக்கும். கருவேலங்காட்டுக்கு நடுவே காரின் முன்பக்கத்திலிருந்து ஆவி கிளம்பியது. முருகேசன் இறங்கி, மூடியைத் திறந்து, தன்னைத் தானே திட்டிக்கொண்டார். ரேடியேட்டரில் தண்ணீர் இல்லை. என்னிடமிருந்த போத்தல் தண்ணீரை நீட்டினேன். "குடிதண்ணியைப் போய் இதுல ஊத்துறதா?" என்று பதறினார். அவர்கள் தெருவில் பத்து நாளைக்கு ஒரு முறைதான் குழாயில் தண்ணீர் வருமாம். வருகிற அன்று ஊரே வேலையைப் போட்டுவிட்டுக் குடங்களோடு நிற்குமாம். என் வீட்டுக் கூரையில் இரவு பகலாகக் கொட்டி வீணாகப் போகும் தண்ணீரைப் பற்றி அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சற்றுத் தள்ளி ஒரு பட்டாசு ஆலையின் கேட் தெரிந்தது. செல்வி வேலை செய்யும் ஆலையே அதுதான். ஆலை என்றால் பெரிய கட்டடம் இல்லை. வெட்டவெளியில் ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளிக் கட்டிய சின்னச் சின்ன அறைகள், நடுவே வேப்பமரங்கள். ஒன்று வெடித்தால் அடுத்தது தப்ப வேண்டும் என்பதற்காக அப்படி. கேட்டில் இருந்த காவலாளி என் கைப்பையைத் திறக்கச் சொன்னார். லைட்டரைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

"இதை அந்தப் புளியமரத்தடியில வச்சுட்டு வாங்க. செல்லையும் அமத்திருங்க."

"நான் உள்ளுக்குப் போகேல்லையே ஐயா. வெளியிலதானே நிக்கிறன்?"

"நீங்க எங்கன நின்னாலும் சரிம்மா. அது இங்கன நிக்கக் கூடாது."

விமான நிலையத்தில்கூட என்னை இவ்வளவு கறாராகச் சோதித்ததில்லை. சிரித்துக்கொண்டே லைட்டரைப் புளியமரத்தடியில் வைத்துவிட்டு வந்தேன். ஆலைக்கு ஒரு சட்டம், அது ஆலையோடு சரி என்று நினைத்தேன்.

செல்வி கேட்டுக்கு வந்தாள். முகம், கை, சேலை, கால் விரல் எல்லாம் வெள்ளி நிறம். கண்கள் மட்டும் தனியாகத் தெரிந்தன. பட்டாசுக்குள் மருந்து அடைக்கிற வேலை. கணவர் சொல்லச் சொல்லக் கேட்டவள் நேராக என்னிடம், "கூடப் பெறந்தவகளா?" என்றாள். "ஓம், ஒரே ஒரு தங்கச்சி" என்றேன். "நாளைக்குச் சாயங்காலம் வைங்கக்கா. வேனை விட்டு எறங்குனதும் நாங்க எல்லாரும் வந்துர்றோம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். காவலாளி ஒரு வாளித் தண்ணீர் கொடுத்தார். லைட்டரை எடுத்துக்கொண்டு காருக்கு வந்து பார்த்தால், பின் கண்ணாடி ஓரம் வைத்திருந்த மெழுகுவர்த்திகள் எல்லாம் வெயிலில் இளகி வளைந்து போயிருந்தன. நோர்வேயின் குளிருக்குச் செய்த சரக்கு வேறு என்ன செய்யும்!

அடுத்த நாள் பிற்பகலிலேயே பொட்டலுக்குப் போய்விட்டேன். வழியில் சாத்தூரில் காராச்சேவு வாங்கினேன். வருகிற பெண்களுக்குக் கொடுக்கலாம் என்று கணக்குப் பார்க்காமல் வாங்கினேன். முருகேசன் என்னை இறக்கிவிட்டு, பூ வாங்கி வருவதாகச் சொல்லிப் போனார். நான் மணலில் வசந்தாவின் படத்தைக் கல் முட்டுக்கொடுத்து நிறுத்தினேன். வளைந்த மெழுகுவர்த்திகளை வரிசையாக நட்டேன். ஒன்று கிழக்கே பார்த்தது, ஒன்று கோயிலைப் பார்த்தது. பார்க்கச் சிரிப்பாக இருந்தாலும் எனக்குப் பிடித்திருந்தது. வேன் வரும் சத்தம் கேட்டதும், வந்தவர்கள் காத்திருக்கக்கூடாதே என்று எல்லாவற்றையும் ஏற்றி வைத்தேன்.

வேன் பொட்டலின் ஓரத்தில் நின்றது. பெண்கள் இறங்கினார்கள். முதலில் இறங்கிய செல்வி என்னைப் பார்த்தாள், நெருப்பைப் பார்த்தாள், அப்படியே நின்றுவிட்டாள். கையை நீட்டிப் பின்னால் வந்தவர்களைத் தடுத்தாள். அவர்களுக்குள் ஏதோ பேச்சு நடந்தது. ஒருத்தி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். பிறகு எல்லோரும் ஒரே மாதிரி முதுகைக் காட்டித் திரும்பி, பொட்டலைச் சுற்றிக்கொண்டு வேறு சந்து வழியாக விறுவிறுவென்று போய்விட்டார்கள். எனக்கு ஒரு கையசைப்புக்கூட இல்லை. வேனும் போய்விட்டது.

நான் தனியாக நின்றேன். முதலில் அவமானம், அதன் பிறகு கோபம். இவர்களை நம்பி இவ்வளவு தூரம் வந்தேனே என்று என்னை நானே ஏசினேன். பெர்கனில் முன்பின் தெரியாத வெள்ளைக்காரர்கள் மழையில் நின்றார்களே, இவர்களுக்கு என் தமிழ் விளங்கியும் நிற்க முடியவில்லையே என்று மனம் கொதித்தது. கூடப் பிறந்தவளா என்று கேட்டதெல்லாம் வெறும் வாய்வார்த்தைதானா? ஒவ்வொரு மெழுகுவர்த்தியாக ஊதி அணைத்தேன். வசந்தாவின் படத்தைப் பைக்குள் வைத்தேன். முருகேசன் மல்லிகைப் பந்தோடு வந்து சேர்ந்தபோது காராச்சேவுப் பொட்டலங்களைக் கட்டிக்கொண்டிருந்தேன்.

"காரை எடும் தம்பி, போவம். இஞ்ச ஒருத்தருக்கும் விருப்பமில்லை."

"ஏன்க்கா, என்னாச்சு?"

சொன்னேன். கொஞ்சம் உரக்கவே சொன்னேன். அவர் மணலில் நட்டிருந்த மெழுகுவர்த்திகளின் கருகிய திரிகளைப் பார்த்தார். "வேன் வரும்போதே பத்த வச்சுட்டீகளா?" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். "மேலெல்லாம் மருந்துக்கா அவுகளுக்கு. சேலையில, தலையில, நகத்துக்குள்ளகூட இருக்கும். அந்தக் கோலத்துல தீப்பக்கம் எப்படி வருவாக? எங்க வீட்ல அவ குளிச்சு முடிக்கிற மட்டும் அடுப்பே பத்த வைக்க மாட்டோம். சாமி விளக்குக்கூடக் கெடையாது. இந்த ஊர்ல அம்புட்டு வீட்லயும் அப்படித்தான்."

லைட்டரைப் புளியமரத்தடியில் வைத்த நான், சட்டம் கேட்டோடு முடிந்தது என்று நினைத்திருக்கிறேன். அவர்கள் அதை உடம்பில் சுமந்துகொண்டு வீடு வரை வருகிறார்கள். கட்டிய பொட்டலங்களை அவிழ்க்கத் தொடங்கினேன்.

"வருவினமோ?" என்றேன்.

"வரேன்னாகள்ல? வருவாக."

வந்தார்கள். சந்துக்குள்ளிருந்து இரண்டு பேராக, மூன்று பேராக வந்தார்கள். மாற்றுச் சேலை, வெறும் கால். எல்லோருடைய தலையும் நனைந்திருந்தது. கூந்தல் நுனியிலிருந்து சொட்டிய தண்ணீர் முதுகுச் சட்டையை நனைத்து இறங்கியது. இந்த நேரத்தில் ஊருக்குள் இருக்கும் தண்ணீர் எத்தனை குடம் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அது எப்படி வந்து சேர்கிற தண்ணீர் என்று தெரியும். எங்கள் வழக்கத்திலும் அவர்கள் வழக்கத்திலும் பெண்கள் கூட்டமாகத் தலை நனைந்து நிற்பது எந்த வீட்டில் என்பதும் தெரியும். மருந்து போகக் குளித்தவர்கள்தான். ஆனாலும் அவர்களைப் பார்த்தபோது, வசந்தா செத்துப்போனாள் என்று முதல் தடவையாக எனக்கு உறைத்தது.

செல்வியோடு வந்த பேச்சியம்மாள் என் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தாள். என் வயதுதான் இருக்கும். அவளுடைய மூத்த மகள் பட்டாசு ஆலை விபத்தில் போனவள் என்று செல்வி சொன்னாள். பேச்சியம்மாள் வசந்தாவின் படத்தை என்னிடமிருந்து வாங்கி மடியில் வைத்துப் பார்த்தாள்.

"பேரு என்னக்கா?"

"வசந்தா."

"மொகம் பாத்தீகளா?"

"இல்லை."

"எனக்கும் காட்டலக்கா. துணியைச் சுத்தி வச்சிருந்தாக. தொறக்க விடல." படத்திலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டாள்: "சேதி வந்தன்னைக்குக் குளிச்சீகளா?"

நான் இல்லை என்று தலையாட்டினேன். சேதி வந்தபோது கடையில் ஆட்கள் நின்றார்கள். அதன் பிறகும் குளிக்கவில்லை. அந்த அயல்வீட்டுக்காரர் ஆளை மாற்றிச் சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். ஏதாவது முகாமிலிருந்து அவள் அழைப்பாள் என்று தொலைபேசியைத் தலைமாட்டில் வைத்துப் படுத்தேன். சாவுத் துடக்குக் குளியல் குளித்தால் அவளை நானே அனுப்பிவைத்ததாகிவிடும். இதையெல்லாம் பேச்சியம்மாளிடம் எனக்குச் சொல்லத் தெரிந்தது, பெர்கனில் ஒருவரிடமும் சொன்னதில்லை.

பேச்சியம்மாள் எழுந்து என் கையைப் பிடித்தாள். "எந்திரிங்கக்கா."

செல்வியின் வீட்டுக் கொல்லையில் ஒரு கல் கிடந்தது. என்னை அதில் உட்காரவைத்தார்கள். செல்வி உள்ளே போய் நீலப் பிளாஸ்டிக் குடம் ஒன்றைத் தூக்கி வந்தாள். நிறைகுடம். "வேண்டாம் பிள்ளை, ஒரு செம்பு காணும்" என்றேன். "சும்மா இருங்க" என்று அதட்டினாள். முழுக் குடத்தையும் என் தலையில் ஊற்றினாள்.

இருபத்து நான்கு மணி நேரமும் மழை பெய்கிற ஊரில் வாழ்கிறேன். அத்தனை தண்ணீரும் செய்யாததை அந்த ஒரு குடம் செய்தது. "ஐயோ, என்ர வசந்தா" என்று ஒரு சத்தம் கேட்டது. அது என் வாயிலிருந்து வந்தது என்று தெரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பேச்சியம்மாள் ஈரத்தோடு என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அவள் தன் மகள் பெயரைச் சொல்லி அழுதாள், இடையிடையே வசந்தாவின் பெயரையும் சேர்த்துக்கொண்டாள். மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து, ஒருத்தி தோளில் ஒருத்தி கை போட்டு, தலையைக் கவிழ்த்து அழுதார்கள். அந்தத் தெருவில் யாருக்குத்தான் நினைத்து அழ ஓர் ஆள் இல்லை! பெர்கனில் இவ்வளவு சத்தம் போட்டிருந்தால் பொலிஸ் வந்திருக்கும்.

பொழுது சாயும் நேரத்தில் பொட்டலுக்குத் திரும்பினோம். ஆளுக்கொரு வளைந்த மெழுகுவர்த்தியைக் கொடுத்தேன். செல்வி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "உங்க ஊர்ல இப்படித்தான் இருக்குமா?" என்றாள். அழுத முகத்தோடு எல்லோரும் சிரித்தோம். பேச்சியம்மாள் முதலில் ஏற்றினாள். பிறகு மணலில் உட்கார்ந்து காராச்சேவு தின்றோம். காரம் தூக்கலாக இருந்தது. நான் தண்ணீர் கேட்கவில்லை.

திரும்பும்போது முருகேசன் கார்க் கண்ணாடிகளை ஏற்றிவிட்டார். "ஈரத் தலைக்கா, சளி பிடிச்சுக்கிரும்." சிவகாசி வருவதற்குள் தலை காய்ந்துவிட்டது. அந்த ஊர்க் காற்று அப்படி.

மறுநாள் காலை, புறப்படுவதற்கு முன் அச்சகத்துக்குப் போனேன். முதலாளி என் ஆர்டரைக் கையில் வைத்துக்கொண்டு, முருகன் படத்தைப் பற்றி மறுபடியும் சண்டைக்கு வந்திருக்கிறேன் என்று நினைத்து நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஐயா, ஒரு தாள் தனியா அடிக்கலாமெண்டு சொன்னீங்களே. தேதி கிடைச்சிட்டுது."

"கேட்டுச் சொன்னாகளா?"

"இல்லை. நேற்றைய தேதி."

அவர் என்னைப் பார்த்தார். பேனாவைத் திறந்தார். "என்னம்மா போடணும்?"

"வசந்தா. வேற ஒண்டும் வேண்டாம்."

அவர் எழுதினார். பிறகு உள்ளே கணினியில் பக்கம் கட்டிக்கொண்டிருந்தவரை நோக்கிக் குரல் கொடுத்தார். "ஏலே, ஆவணி மாசத்துத் தினசரித் தாள்ல ராகு காலத்துக்கு மேல ஒரு பேரு வைக்க எடம் இருக்கா பாருலே."

நான் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"இருக்கு மொதலாளி" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.